திருத்தாமல் விட்டது ஒரு பக்கம். பறிபோனது ஒரு வருஷம்! மறுமதிப்பீட்டுக்கு அலையும் நீலகிரி மாணவ–மாணவிகள்

ஊட்டி:

செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ஊட்டி சேரிங்கிராஸ், குன்னூர் பெட்போர்டு, கூடலூர் பஸ் நிலையம் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைகளை பார்த்தால் போதும். யார் பாஸ், யார் பெயில் என்று கேட்கவே வேண்டாம். பாஸ் ஆனவன் பேக்கரியில் நிற்பான். பெயில் ஆனவன் ஜெராக்ஸ் கடையில் நிற்பான்.

ரிசல்ட்டை இப்போது எல்லோரும் செல்போனிலேயே பார்த்து விடுகிறார்கள். ஆனால் மறுமதிப்பீட்டுக்கு பாரம் எடுக்க, பணம் கட்ட, ஸ்கேன் பண்ண கடைக்குத்தான் வரணும். கையில் மார்க் பிரிண்ட், கண்ணில் தண்ணீர். "நான் நல்லாத்தான் எழுதியிருந்தேன் அண்ணா" என்று கடைக்காரரிடம் அழுகிற பிள்ளைகளை வருஷத்துக்கு 2 முறை பார்க்கலாம்.

இதில் எத்தனை பேர் நிஜமாகவே நல்லா எழுதினவர்கள்? எல்லா பெயிலும் பல்கலைக்கழகத்தின் தப்பு கிடையாது. படிக்காமல் போய் எழுதிவிட்டு வந்து பேப்பர் திருத்தினவரை திட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்லா எழுதியும் பெயில் ஆனவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி பல்கலைக்கழகங்களின் கணக்கிலேயே இருக்கிறது. அதை பிறகு சொல்கிறேன். முதலில் என் வீட்டுக்கதை.

பந்தலூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் என் அக்கா மகள் சில வருஷத்துக்கு முன் டிகிரி கடைசி வருஷம் முடித்தாள். எந்த கல்லூரி, எந்த பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். 5 செமஸ்டர் வரை ஒரு அரியர் கிடையாது. கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் போச்சு. சில மார்க்தான் குறைவு. "மாமா, கடைசி கேள்வி வரைக்கும் எழுதினேன் மாமா" என்று போனில் ஒரே அழுகை.

விடைத்தாள் நகல் கேட்டு பணம் கட்டினோம். நகல் வந்தது. புரட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பக்கம், ஒரு 10 மார்க் கேள்விக்கான பதில், பேனா படாமல் அப்படியே இருக்கிறது. தப்பு என்று அடிக்கவும் இல்லை, சரி என்று டிக் போடவும் இல்லை. திருத்தினவர் 2 பக்கத்தை சேர்த்து புரட்டி விட்டார் போல.

மறுமதிப்பீட்டுக்கு பணம் கட்டினோம். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த செமஸ்டருக்கு அரியர் பீஸ் கட்ட கடைசி தேதி வந்து விட்டது. "பாஸ் ஆகிடும், கட்ட வேண்டாம்" என்று தைரியமாக இருக்க முடியுமா? அதையும் கட்டினோம். ரெண்டரை மாசம் கழித்து முடிவு வந்தது. பாஸ். ஆனால் அதற்குள் எம்.ஏ. சேர்க்கை எல்லா இடத்திலும் முடிந்து விட்டது. ஒரு வருஷம் அம்மாவோடு சேர்ந்து கொழுந்து பறித்தாள்.

மன்னிப்பு என்று ஒரு வரி யாரும் எழுதவில்லை. கட்டின காசும் வரவில்லை. நான் பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு படிப்பை நிறுத்தியவன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி அவள்தான். அந்த பக்கம் திருத்தாமல் போன ஜெராக்சை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தப்பு எங்கே நடக்கிறது?

பேப்பர் திருத்தும் முகாமில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் இது புரியும். மாணவன் எழுதிய விடைத்தாளில் பதிவு எண் உள்ள பகுதியை மறைத்து, கிழித்து, டம்மி நம்பர் போடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான். யாருடைய பேப்பர் என்று திருத்துகிறவருக்கு தெரியக்கூடாது. பிறகு கட்டு கட்டாக ஆசிரியர்களுக்கு கொடுக்கிறார்கள். காலையில் இத்தனை, மதியம் இத்தனை என்று கணக்கு. ஒரு பேப்பருக்கு இவ்வளவு என்று கூலி. கொழுந்துக்கு கிலோ கணக்கு மாதிரிதான் இதுவும்.

அவசரத்தில் 3 வகை தப்பு வரும். ஒன்று, கூட்டலில் பிழை. இரண்டாவது, பக்கத்தை விட்டு விடுவது. மூன்றாவது, சரியான பதிலுக்கே மார்க் குறைத்துப் போடுவது. முதல் இரண்டும் யார் பார்த்தாலும் தெரியும். மூன்றாவதுதான் சிக்கல். ஒரு வாத்தியார் 6 போடும் பதிலுக்கு இன்னொருவர் 9 போடுவார். இதில் யார் சரி என்று யார் சொல்வது?

இது போக கல்லூரியிலேயே நடக்கும் தப்பு தனி. இன்டர்னல் மார்க்கை ஏற்றாமல் விட்டு விடுவார்கள், இல்லை பரீட்சை எழுதினவனுக்கு 'ஆப்சென்ட்' என்று போட்டு விடுவார்கள். இதற்கு மறுமதிப்பீடு போட்டால் பணம் தண்டம். துறைத்தலைவரிடம் எழுதி வாங்கி, முதல்வர் கையெழுத்தோடு தேர்வு கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்பணும். இது தெரியாமல் மறுமதிப்பீட்டுக்கு காசு கட்டி ஏமாறுகிறவர்கள் நிறைய. பிராக்டிகல், புராஜெக்ட் மார்க்குக்கும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மறுமதிப்பீடு கிடையாது.

மலையில் இருப்பவனுக்கு கெடு 10 நாள்

நீலகிரியில் கலை, அறிவியல் படிக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு பல்கலைக்கழகம் என்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். 1982-ல் ஆரம்பித்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி 4 மாவட்ட கல்லூரிகளும் இதன் கீழ் வருகின்றன. ஊட்டி அரசு கலைக்கல்லூரி அதற்கும் முன்னால், 1955-ல் வந்தது. சல்லிவன் துரை கட்டிய ஸ்டோன் ஹவுஸ் பங்களா இருக்கிற அதே வளாகம்தான். இன்ஜினியரிங் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகம்.

கல்லூரி மலை மேலே, தேர்வு ஆபீஸ் கீழே. சேரம்பாடியில் இருந்து கோவை மருதமலை ரோட்டில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகணும் என்றால் கூடலூர், ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று மலை முழுக்க சுற்றி இறங்கணும். விடிய கிளம்பினாலும் ஆபீசில் 'நாளைக்கு வாங்க' என்றால் ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. ஆன்லைன் வந்த பிறகு பாதி கஷ்டம் குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மீதி பாதி அப்படியே இருக்கிறது.

இன்னொரு விஷயம் கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு தெரியாது. ஏப்ரல், மே மாதம் எழுதிய பரீட்சைக்கு ரிசல்ட் வருவது பெரும்பாலும் ஜூன், ஜூலை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் அப்போதுதான் தென்மேற்கு மழை கொட்டும். மரம் விழும், கரண்ட் போகும், செல்போன் டவர் செத்துப் போகும். நகல் கேட்க, மறுமதிப்பீடு கேட்க பல்கலைக்கழகம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வாரம், 10 நாள். நவம்பர் பரீட்சை என்றால் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை, மண் சரிவு. கோவையில் உட்கார்ந்து கடைசி தேதி குறிப்பவருக்கு காட்டேரி ரோட்டில் மரம் விழுந்தது எங்கே தெரியப்போகிறது?

ரூ.10 ஆயிரம் கொடுத்தால் பாஸ்? அதிர வைத்த 2018

மறுமதிப்பீடு என்றாலே தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவு வருவது அண்ணா பல்கலைக்கழக விவகாரம்தான். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு தொடக்கத்தில் லஞ்ச ஒழிப்பு போலீசார் வழக்கு போட்டனர். பல்கலைக்கழகத்தின் முன்னாள் தேர்வு கட்டுப்பாட்டு அதிகாரி, திண்டிவனம் மையத்தில் மறுமதிப்பீட்டை கவனித்த பேராசிரியர்கள் உள்பட 10 பேர் மீது புகார். மறுமதிப்பீட்டில் மார்க்கை கூட்டிப் போட ஒரு பேப்பருக்கு ரூ.10 ஆயிரம் வரை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னையிலும் திண்டிவனத்திலும் ரெய்டு நடந்தது. மாநிலமே பரபரப்பானது.

அந்த வழக்கில் வெளியான கணக்கை கொஞ்சம் நிதானமாக பாருங்கள். 2017 ஏப்ரல்–மே தேர்வுக்கு மறுமதிப்பீடு கேட்டவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் பெயிலில் இருந்து பாஸ் ஆனார்கள். இன்னும் 16,636 பேருக்கு மார்க் கூடியது. இரண்டையும் கூட்டினால் 90,369. அதாவது 100 பேர் கேட்டால் 30 பேருக்கு ரிசல்ட் மாறியிருக்கிறது.

எல்லோரும் லஞ்சத்தை பற்றித்தான் பேசினார்கள். எனக்கு தலையை சுற்றியது இந்த 30 தான். இந்த 90 ஆயிரம் பேரில் காசு கொடுத்து பாஸ் ஆனதாக சந்தேகிக்கப்பட்டவர்கள் ஒரு பகுதி. மீதிப்பேர்? அவர்கள் முதலிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டியவர்கள். அவர்களை பெயில் என்று சொன்னது யார்? அதற்கு எந்த போலீசும் எப்.ஐ.ஆர். போடவில்லை.

அதைவிட மோசம், காசு கொடுத்தவனையும் நியாயமாக பாஸ் ஆனவனையும் வெளியில் இருந்து பார்த்து பிரிக்க முடியாது. 'ரீவேல்யூவேஷன்ல பாஸ்' என்று சொன்னாலே அந்த வருஷம் ஒரு மாதிரி பார்த்தார்கள். எவ்வளவு கொடுத்தே என்று சிரித்தார்கள். நல்லா எழுதி, பெயில் ஆகி, காசு கட்டி, காத்திருந்து பாஸ் ஆனவனுக்கு கடைசியில் கிடைத்த பெயர் இது.

கட்டணக் கணக்கையும் பார்த்து விடலாம். அப்போது ஒரு பேப்பருக்கு நகல் ரூ.300, மறுமதிப்பீடு ரூ.400. சேர்த்து ரூ.700. எஸ்டேட்டில் அன்றைக்கு இரண்டு நாள் கூலிக்கு மேலே. ஆளுக்கு ஒரே ஒரு பேப்பர் என்று வைத்தாலும் மறுமதிப்பீட்டு கட்டணம் மட்டும் ரூ.12 கோடியை தாண்டுகிறது. ரிசல்ட் மாறின 90 ஆயிரம் பேர் கட்டியது ரூ.3½ கோடிக்கு மேல். தராசு சரியில்லை என்று நிரூபித்த பிறகும், தராசை சரி பார்த்த கூலியை நாமே கொடுக்கணும் என்றால் இது எந்த ஊர் வியாபாரம்?

இங்கிலாந்தில் நம்ம பிளஸ்-2 மாதிரி 'ஏ லெவல்' என்று ஒரு பரீட்சை. அங்கே மறுபடி பார்க்கச் சொல்லி கிரேடு மாறினால் கட்டணம் கிடையாது. தப்பு இவர்களுடையது என்று ஆனால் செலவும் இவர்களுடையது. இதை இங்கே கொண்டு வர புதுச்சட்டம் கூட வேண்டாம், சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம் போதும்.

அதே 2018 பிப்ரவரியில் நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தரையும் லஞ்ச ஒழிப்பு போலீசார் கைது செய்தது நினைவிருக்கும். அது உதவி பேராசிரியர் வேலைக்கு ரூ.30 லட்சம் கேட்டதாக வந்த புகார். மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் லைன் வீட்டில் இருக்கிற அப்பா, அம்மாவுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. 'எல்லாம் காசு சாமி' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். பிள்ளை நியாயமாக மனு போட கேட்டாலும், யாருக்கு எவ்வளவு கொடுக்கணும் என்றுதான் முதல் கேள்வி வருகிறது. இதை வைத்து பிழைக்கிற புரோக்கர்களும் உண்டு. மறுமதிப்பீட்டில் பாஸ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பணமும் போகும், கேசிலும் மாட்டுவீர்கள்.

மும்பையில் நாற்காலி போன துணைவேந்தர்

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் கிடையாது. 2017-ல் மும்பை பல்கலைக்கழகம் திடீரென்று எல்லா பேப்பரையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரில் திருத்தப் போகிறோம் என்று இறங்கியது. 17 லட்சத்துக்கு மேல் விடைத்தாள். ஆசிரியர்களுக்கு பழக்கம் இல்லை, ஸ்கேனிங் முடியவில்லை. ஜூலை 31-க்குள் ரிசல்ட் வரணும் என்று கவர்னர் கெடு வைத்தார். அதுவும் தாண்டியது. மேல்படிப்புக்கு போக வேண்டியவர்கள் தவித்தார்கள். ரிசல்ட் வந்த பிறகு பார்த்தால் விடைத்தாள் மாறிப்போனது, காணாமல் போனது என்று மறுமதிப்பீட்டு மனுக்கள் குவிந்தன. அக்டோபர் மாதம் துணைவேந்தரை கவர்னர் டிஸ்மிஸ் செய்தார். அந்த பழம்பெரும் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு துணைவேந்தர் நீக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

தெலங்கானாவில் 2019 ஏப்ரலில் வந்த இன்டர்மீடியட் ரிசல்ட் இன்னும் கொடுமை. தெலுங்கு பாடத்தில் ஒரு மாணவிக்கு சைபர் என்று வந்தது. மறுபடி பார்த்தால் 99. சுமார் 3 லட்சம் பேர் பெயில் என்று வந்து, பல பிள்ளைகள் உயிரை விட்ட பிறகுதான், பெயில் ஆன எல்லோருடைய பேப்பரையும் காசு வாங்காமல் மறுபடி பார்க்க அரசு உத்தரவிட்டது. காசு வாங்காமல் பார்க்க முடியும் என்பது அப்போது தெரிந்தது.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. கொரோனா நேரத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஆன்லைன் தேர்வில் ஏகப்பட்ட பேர் பெயில், பலருக்கு ரிசல்ட் நிறுத்தி வைப்பு. மாணவர்கள் கொதித்தார்கள். 2021 மே மாதம் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, மறுதேர்வு நடத்தப்படும் என்று அறிவித்தார். ஆக, லட்சக்கணக்கில் பெயில் ஆனால் அரசாங்கமே இறங்கி வருகிறது. பந்தலூரில் ஒருத்தி மட்டும் பெயில் ஆனால் அவள் ஜெராக்ஸ் கடைக்கு போகணும்.

கோர்ட்டுக்கு போனால் என்ன ஆகும்?

'கேஸ் போட்டுடலாம்' என்று டீக்கடையில் சொல்வது சுலபம். சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்பதை தெரிந்து கொண்டு இறங்குவது நல்லது.

1984-ல் மகாராஷ்டிரா கல்வி வாரிய வழக்கில், விதியில் மறுமதிப்பீடு இல்லை என்றால் மாணவன் அதை உரிமையாக கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. 2017 டிசம்பரில் உத்தரபிரதேச ஆசிரியர் தேர்வு வழக்கிலும் அதே வழிதான். கோர்ட்டு உட்கார்ந்து பேப்பர் திருத்தாது, சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்துகிறவருக்குத்தான் போகும், எழுதினவனுக்கு இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். கொலை கேசில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனுக்கு. பரீட்சையில் அப்படி இல்லை.

நீதிபதிகள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெயில் ஆன எல்லோரும் கோர்ட்டுக்கு வந்தால் எந்த ரிசல்ட்டும் முடிவுக்கு வராது. ஆனால் கூட்டல் தப்பு, திருத்தாமல் விட்ட பக்கம் இதெல்லாம் கண்ணுக்கு தெரிகிற பிழை. அதை ஆதாரத்தோடு காட்டினால் கோர்ட்டு கேட்க வாய்ப்பு உண்டு. 6-க்கு பதில் 9 போட்டிருக்கணும் என்று போனால் கஷ்டம்.

நுகர்வோர் கோர்ட்டு? அதுவும் நடக்காது. 2009-ல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், பரீட்சை எழுதுகிறவன் வாடிக்கையாளர் இல்லை, பரீட்சை நடத்துவது வியாபார சேவை இல்லை என்று தீர்ப்பு வந்து விட்டது. ஊட்டியில் நுகர்வோர் கோர்ட்டில் போட்டு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பீஸ் கேட்டால் இந்த தீர்ப்பை சொல்லிக் கேளுங்கள்.

ரிட் மனு என்றால் சென்னை ஐகோர்ட்டுக்குத்தான் போகணும். நீலகிரி மதுரை கிளையில் வராது. ஊட்டியில் இருந்து 500 கிலோ மீட்டருக்கு மேல். வக்கீல் பீஸ் கட்ட முடியாதவர்கள் ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது நம்ம மாவட்டத்தில் நிறைய பேருக்கு பொருந்தும். கேட்கிறவர்கள்தான் குறைவு.

10 ரூபாய் ஸ்டாம்பு செய்யும் வேலை

மாணவன் பக்கம் வந்த பெரிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2011 ஆகஸ்டு 9-ந்தேதி சி.பி.எஸ்.இ. வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, நீ எழுதிய விடைத்தாள் உனக்கு தகவல், தகவல் உரிமை சட்டத்தில் அதை கேட்டு வாங்கலாம் என்று சொன்னது. திருத்தினவர் பெயரை மட்டும் தர மாட்டார்கள். அதுவும் சரிதான், இல்லை என்றால் வாத்தியார் வீட்டுக்கு ஆள் போய் விடும்.

2019-ல் கம்பெனி செக்ரட்டரி தேர்வு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த நிறுவனத்தின் விதிப்படி நகல் வேண்டும் என்றால் ரூ.500. தகவல் சட்டப்படி என்றால் பக்கத்துக்கு ரூ.2. எந்த வழி வேண்டும் என்பது எழுதினவன் இஷ்டம் என்றது சுப்ரீம் கோர்ட்டு.

தமிழ்நாட்டிலும் தகவல் மனுவுக்கு ரூ.10 கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு, பக்கத்துக்கு ரூ.2. 40 பக்க விடைத்தாள் என்றால் ரூ.80. மனுவுடன் சேர்த்து ரூ.90. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கொக்கி. தகவல் அதிகாரிக்கு சட்டம் கொடுத்திருப்பது 30 நாள். மறுமதிப்பீட்டுக்கு பல்கலைக்கழகம் கொடுப்பது 10 நாள். ரூ.90-க்கு நகல் கைக்கு வரும்போது மறுமதிப்பீட்டு தேதி முடிந்து 20 நாள் ஆகியிருக்கும். சல்லிசான வழி இருக்கிறது, ஆனால் அந்த பஸ் வந்து சேரும்போது கடை மூடியிருக்கிறது. அதனால் அவசரம் என்றால் பல்கலைக்கழகம் கேட்கிற பணத்தை கட்டித்தான் ஆகணும். மறுமதிப்பீடும் முடிந்து, அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் தகவல் மனு போடலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது. விடைத்தாளை சில மாதம்தான் வைத்திருப்பார்கள், பிறகு கழித்து விடுவார்கள். கழித்த பிறகு கேட்டால் 'இருப்பில் இல்லை' என்று ஒரு வரி பதில் வரும்.

யாருக்கும் தெரியாத ஒரு அதிகாரி

2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக்குழு, யு.ஜி.சி., ஒரு புது விதி கொண்டு வந்தது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கணும். அதில் பெண் ஒருவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் ஒருவர் கட்டாயம். புகாருக்கு 15 வேலை நாளில் முடிவு சொல்லப் பார்க்கணும். அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கு அப்பீல் போகலாம். ரிட்டயர்டு துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி அந்த பதவியில் இருப்பார். 30 நாளில் முடிக்க முயற்சி செய்யணும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கதவை சாத்தி வைத்திருக்கிறார்கள். மறுமதிப்பீடு, மறுகூட்டல் கேட்டு குறைதீர்ப்பாளரிடம் சும்மா போக முடியாது. ரிசல்ட்டையே பாதிக்கிற அளவுக்கு குறிப்பான முறைகேடு, அல்லது பாகுபாடு நடந்ததை காட்டினால்தான் எடுத்துக்கொள்வார். திருத்தாமல் விட்ட பக்கத்தை நகலோடு காட்டினால் அது குறிப்பான முறைகேடு என்று வாதாட இடம் இருக்கிறது. அதே நேரம் ரிசல்ட் தாமதம், சர்டிபிகேட் தராமல் இழுத்தடிப்பது போன்ற புகார்களுக்கு இந்த கதவு நன்றாகவே திறக்கும். மறுமதிப்பீட்டு முடிவை மாசக்கணக்கில் இழுத்தால் அதையும் எழுதிப் போடலாம் என்பது என் கருத்து.

ஊட்டியில் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் சிலரிடம் இந்த குறைதீர்ப்பாளர் பற்றி கேட்டேன். "அப்படி ஒருத்தர் இருக்காரா அண்ணா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

இங்கிலாந்து, வேல்சில் 2004-ம் ஆண்டு சட்டப்படி மாணவர் புகாருக்கு என்றே பல்கலைக்கழகங்களுக்கு வெளியே ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். மாணவனுக்கு செலவு இல்லை. அங்கேயும் மார்க் கூட்டிப் போட மாட்டார்கள், அது பேராசிரியர் விஷயம் என்று ஒதுங்கி விடுவார்கள். ஆனால் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 'உன் அப்பீல் எங்களிடம் முடிந்தது, இனி நீ வெளியே போகலாம்' என்று பல்கலைக்கழகமே எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கணும். அதை வைத்து 12 மாதத்துக்குள் அந்த அமைப்பிடம் போகலாம். நம் ஊரில் மறுமதிப்பீட்டு முடிவு எப்படி வருகிறது? 'நோ சேஞ்ச்'. இரண்டே வார்த்தை. ஏன், எதனால், யாரிடம் போகணும், ஒன்றும் இருக்காது.

பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்த பிறகு நீண்ட காலம் ஒரு குழுதான் நிர்வாகத்தை நடத்தியது. கவர்னருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் நாற்காலி காலியாக கிடந்தது. மேல் முறையீடு போய்ச் சேருகிற கடைசி இடத்திலேயே ஆள் இல்லை என்றால் கீழே இருக்கிற கிளார்க் எதற்கு அவசரப்படப் போகிறார்?

இப்போது என்ன செய்யலாம்?

ரிசல்ட்டில் சந்தேகம் என்றால் முதல் வேலை, அது பரீட்சை பேப்பர் மார்க்கா, கல்லூரி இன்டர்னலா என்று பிரித்துப் பார்ப்பது. பேப்பர் என்றால் முதலில் நகல் வாங்குங்கள். நகல் பார்க்காமல் மறுமதிப்பீட்டுக்கு கட்டுவது இருட்டில் கல் எறிவது. நகல் வந்ததும் அந்த பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டுங்கள். மார்க்கை நீங்களே 2 முறை கூட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலாவது பேனா படவில்லையா என்று பாருங்கள். இருந்தால் பக்க எண்ணை குறித்து மனுவோடு எழுதிக் கொடுங்கள், பதிவுத் தபாலில் ஒரு காப்பி அனுப்புங்கள். ரசீதை தூக்கிப் போடாதீர்கள்.

அரியர் பீஸ் கடைசி தேதி முந்தி வந்தால், கஷ்டம்தான், கட்டி விடுங்கள். பாஸ் ஆனால் அந்த பணத்தை திருப்பிக் கேட்டு ஒரு மனு போடுங்கள். தருவார்களா என்பது வேறு. கேட்கிறவர்கள் எண்ணிக்கை பைலில் ஏறட்டும்.

கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். மழையில் ரோடு அடைபட்டு கலெக்டர் லீவு விடுகிற நாட்களில் மறுமதிப்பீட்டு கடைசி தேதி விழுந்தால், நீலகிரி கல்லூரிகளுக்கு மட்டும் தேதியை நீட்டித் தரச் சொல்லி முதல்வர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு கடிதம் எழுதலாம். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு உண்டு. மறுமதிப்பீட்டு மனுவுக்கு மழை லீவு கிடையாது.

அக்கா மகள் அடுத்த வருஷம் எம்.ஏ. சேர்ந்தாள், முடித்தாள். இப்போது வகுப்பு எடுக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது, டெஸ்ட் பேப்பர் திருத்திக் கொண்டிருப்பதாக சொன்னாள். "எல்லாப் பக்கத்தையும் புரட்டிட்டியா?" என்று கேட்டேன். "எச்சில் தொட்டு ஒவ்வொண்ணா புரட்டறேன் மாமா" என்றாள்.